பூபதி பெயரில் ஒரு சீட்டு

எதிர்ச் சுவரில் மூன்று டேமேஜ். இடது மூலையில் ஈரம் இறங்கிய கறை, நடுவில் போஸ்டரைக் கிழித்த பசை, ஜன்னலுக்குக் கீழே வெற்றிலை எச்சில். பெட்ஷீட்டாக இருந்தால் மூன்று இடத்திலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பக்கம் தள்ளியிருப்பேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே துணியை இழுத்து இழுத்துக் குறை தேடியே, கல்யாணத்துக்குப் போனால்கூடப் பந்தியில் இலையின் கிழிசல்தான் முதலில் கண்ணில் படுகிறது. என் டோக்கன் இருபத்தேழு. உள்ளே போயிருப்பது பதினாறு. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள் என்பதால் எங்கள் வார்டு சுகாதார நிலையத்தில் வாசல்வரை வயிறுகள். என்னுடையது மட்டும்தான் தெரியாத வயிறு. பத்து வாரம். பத்து வாரம் இரண்டு நாள். போன தடவை பதினொன்றில் போயிற்று. அதை நினைக்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள், நினைத்தால் இதற்கும் ஆகாதாம், நினைப்பை என்ன குழாய் மாதிரி திருகியா மூட முடியும். கையை முந்தானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே நடுங்குவதால் எது எதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போனதும் உட்காரும் முன்பே நர்ஸம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், உட்கார்ந்துவிட்டால் அவர்கள் கேள்வியை ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு வாய் வராது. நான் குடிக்கிறேன், தினமும் குடிக்கிறேன், விட முடியவில்லை, இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள். நான்கு சின்ன வாக்கியம்தான். வீட்டில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது.

ஆனால் காலையில் டோக்கன் வாங்கும்போதே நர்ஸம்மா என்னைத் தலை தூக்கிப் பார்த்துக் கேட்டார்கள். “மேகலாதானே? வீட்டுக்காரர் வந்திருக்காரா?” வந்திருக்காருங்க, வெளியே இருக்காருங்க என்றேன். “நல்லதாப் போச்சு. போயிடச் சொல்லாத, அவர்கிட்ட நான் கொஞ்சம் பேசணும்.” அதிலிருந்து வயிற்றுக்குள் குழந்தை இருக்கிறதோ இல்லையோ, கல் இருக்கிறது. அவரோடு இவர்களுக்கு என்ன பேச்சு. ரத்த வகை கேட்பார்களாக இருக்கும். ஆதார் கேட்பார்களாக இருக்கும். இல்லை, அதற்கெல்லாம் அந்தப் பார்வை வராது. பாவம் என்கிற பார்வை அது. அந்தப் பார்வையை இதற்கு முன் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஜில்லா ஆஸ்பத்திரியில், குடி மறுவாழ்வுப் பிரிவில். அங்கே இருப்பது இங்கே எப்படித் தெரியும். தெரியாது. தெரிந்திருக்கும். சீட்டில் வார்டு நம்பர் எழுதினார்களே. எழுதினார்களா? என் வாயால்தானே சொன்னேன், தெருப் பெயரோடு, பால் பூத்துக்கு எதிர் வீடு என்று அடையாளம் வேறு சொல்லிவிட்டு வந்தேன். செல்வநாயகி நர்ஸம்மாவுக்கு எங்கள் தெருவில் யார் வீட்டில் எத்தனை தடுப்பூசி பாக்கி என்பதுவரை மனப்பாடம். பதினேழு உள்ளே போகிறது.

பூபதி வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறார். மனதுக்குள் மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், வெளியே இத்தனை வருடத்தில் ‘ஏனுங்க’ தாண்டியதில்லை. என் ஃபைலை வெயில் படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு நிற்கிறார், அதற்குள்தான் பரம்பரைச் சொத்துப் பத்திரம் இருக்கிற மாதிரி. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வருடம் தவறாமல் கார்த்திகைக்கு மாலை போடுகிறவர். பீடி கிடையாது, பாக்கு கிடையாது, டீயிலேயே சர்க்கரை கம்மி. அவர் கிட்டே வந்தால் சோப்பு வாசம்தான் வரும், வெயிலில் வேன் ஓட்டிவிட்டு வந்தாலும். இந்த மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒயின்ஷாப் வரிசையில் நின்றிருக்கிறார். எனக்காக நின்றார். இரண்டு வருடத்துக்கு முன் அது கலைந்து, ஆஸ்பத்திரியில் சுத்தம் பண்ணி வீட்டுக்கு வந்த அன்று அத்தை சொன்னார்கள், “பச்ச ஒடம்பு, குளிர் ஏறிக்கும். ரெண்டு மூடி பிராந்திய வெந்நீர்ல ஊத்திக் குடுத்தா ஒடம்பு இறுகும், தூக்கமும் வரும். எனக்கு இவன் பொறந்தப்ப எங்கம்மா குடுத்தா.” எங்கள் பக்கத்தில் பல வீட்டில் அது வழக்கம்தான், பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பார்கள், கலைந்தவளுக்கும் கொடுப்பார்கள், மருந்துச் சாமான் கணக்கில் சேர்த்தி. பூபதி கைக்குட்டையை மூக்கு வரை கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து பாட்டிலைச் செய்தித்தாளோடு வாசற்படியில் வைத்துவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அத்தை டம்ளரை வாயருகே பிடித்தார்கள். தொண்டை எரிந்தது. அப்புறம் நெஞ்சில் இருந்த கனம் யாரோ இடுக்கியால் பிடித்துத் தூக்கி எடுத்த மாதிரி போயிற்று. அன்றைக்குத்தான் ரத்தம் கண்டதிலிருந்து முதல் தடவையாகத் தூங்கினேன். யாரைக் குறை சொல்ல. அத்தை பாசத்தில் கொடுத்தார்கள், அவர் வெட்கத்தோடு வாங்கி வந்தார், நான் வலியில் குடித்தேன். மூன்று பேரில் ஒருத்தருக்கும் ஸ்டிக்கர் ஒட்ட இடமில்லை.

அந்தப் பாட்டில் தீர்ந்ததோடு மருந்து முடிந்தது என்று வீடு நினைத்தது. என் உடம்பு அப்படி நினைக்கவில்லை. மாராயக்கா கம்பெனியில் பெருக்குகிறவள், சாயங்காலம் சரக்கு அடிப்பதை மறைக்க மாட்டாள், வரிசையில் ஆண்களோடு ஆணாக நின்று வாங்குவாள், அவளை ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அவளெல்லாம் அப்படித்தான் என்று ஊர் முன்பே எழுதி வைத்துவிட்டது. நான் போய் நின்றால் ஊர் நின்றுவிடும். முதலில் மாமாவுக்கு வேணும் என்று சொல்லி வாங்கித் தரச் சொன்னேன். மாமா செத்து ஐந்து வருடம். மாராயக்கா எதுவும் கேட்கவில்லை, மூன்றாவது வாரம் மட்டும், “உங்க மாமாவ சாப்புட்டுட்டுக் குடிக்கச் சொல்லு கண்ணு, வெறும் வயித்துல ஆவாது” என்றாள். சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது, சனியும் புதனும் ஆயிற்று, அப்புறம் கிழமை போய்விட்டது. பீரோ மேல் டேமேஜ் பெட்ஷீட் கட்டு ஒன்று, அதற்குள் பாட்டில். அவர் வேனை எடுத்துப் போனதும் கொஞ்சம், திரும்பி வரும் முன் கொஞ்சம். ஒரு காலத்தில் எல்லா வேலையும் முடிந்த பிறகு குடித்தேன். இப்போது காலையில் அது உள்ளே போனால்தான் அம்புக்குறி ஸ்டிக்கரை அதன் தாளிலிருந்து உரிக்கவே கை ஒத்துழைக்கும். சூப்பர்வைசர், “மேகலா கை மாதிரி ஸ்டெடி யாருக்கும் இல்ல” என்று புதுப் பெண்களிடம் காட்டுவார். சிரிப்பேன். வாயில் எப்போதும் கிராம்பு. எனக்குப் பல்வலி என்று கம்பெனியே நம்புகிறது, இரண்டு பேர் பல் டாக்டர் நம்பர் கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

கர்ப்பச் சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்று அதை வெளிச்சத்தில் பிடித்து ஐந்து நிமிடம் செக் பண்ணினேன், கோணலாகப் பார்த்தால் ஒன்றாகிவிடுமோ என்று. பூபதி அழுதார். சமையலறைப் பக்கம் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்றைக்கே பெட்ஷீட் கட்டுக்குள் இருந்த பாட்டிலைத் தொட்டியில் கொட்டினேன். தீர்ந்தது, நானாவது இனிமேல் தொடுவதாவது என்று இருந்தேன். அன்று ராத்திரி வேர்த்தது. மறுநாள் கை மட்டும் இல்லை, நாக்கும் நடுங்கியது. சுவரில் எறும்பு வரிசையாகப் போகிறது என்று துடைத்தேன், எறும்பு இல்லை. நெஞ்சு அடித்த அடியில் உள்ளே இருக்கிற கடுகளவு உயிருக்கு என்ன ஆகுமோ என்று பயந்து மத்தியானம் மாராயக்காவைத் தேடிக்கொண்டு போனேன். ஒன்றரை நாள். என் வைராக்கியம் அவ்வளவுதான். குடித்ததும் எல்லாம் அடங்கிற்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடித்தாலும் அதற்கு ஆகாது, விட்டாலும் அதற்கு ஆகாது. விரட்டுகிற எலிக்குக்கூட ஒரு பக்கம் வழி இருக்கும். போன தடவை நான் ஒரு சொட்டு தொட்டதில்லை, அப்போதே போய்விட்டது, இப்போது இவ்வளவு குடித்தும் இருக்கிறதே, ஒருவேளை இது கெட்டிக்காரப் பிள்ளையோ என்றுகூட நினைத்தேன். எப்படிப்பட்ட நினைப்பு பாருங்கள். இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. ஸ்கேன் அடுத்த வாரம். பதினோராவது வாரம்.

அந்தப் பயத்தில்தான் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனியில் பல்வலி என்று லீவு. முக்காடு மாதிரி துப்பட்டா போட்டுக்கொண்டு, சுடிதாரில், பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். சீட்டுக் கொடுக்கிற ஜன்னலில் “பேரு?” என்று கேட்டார்கள். மேகலா என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “உங்க பேரு இல்லம்மா. பேஷண்ட் பேரு.”  பின்னால் வரிசை. என் பேர்தாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு மூச்சுதான். “பூபதி” என்றேன். கல்யாணமாகி முதல் தடவையாக அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னது அந்த ஜன்னலில்தான். வயது, தொழில், தெரு, எல்லாம் எழுதி அச்சு வைத்துக் கொடுத்தார்கள். உள்ளே ஆலோசகர் என்று ஒரு தம்பி, நல்ல பையன், கண்ணாடி போட்டவர், என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். “எவ்வளவு குடிக்கறாரு?” ஒரு குவார்ட்டருங்க, சில நாள் அதுக்கு மேலயும். “காலையில கை நடுங்குமா?” நடுங்குமுங்க. “விடணும்னு சொல்லுவாரா?” தினமும் சொல்லுவாருங்க. “விட்டுப் பார்த்திருக்காரா?” ஒன்றரை நாள் விட்டாருங்க, எறும்பு தெரிஞ்சுதுங்க. “வீட்டுல ஒளிச்சு வெப்பாரா?” பெட்ஷீட் கட்டுக்குள்ளங்க. அழுகை வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு ஒன்று விடாமல் சொன்னேன், ஒரு பொய் கிடையாது, அவர் என்கிற ஒரு சொல்லைத் தவிர. அந்தத் தம்பி டிஷ்யூ பேப்பர் நீட்டினார். திடீரென்று நிறுத்த விடாதீர்கள், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, இங்கே படுக்க வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும், கூட்டி வாருங்கள் என்றார். கதவு இடுக்கில் வார்டு தெரிந்தது. லுங்கியோடு பத்துப் பன்னிரண்டு ஆண்கள், கடைசியில் ஒரே குளியலறை. “பொம்பளைங்க யாராச்சும் வருவாங்களா சார்?” என்று கேட்டேன். “நிறையப் பேர் வருவாங்க, உங்களை மாதிரி. புருஷனைக் கூட்டிக்கிட்டு.” ஆறுதலாகத்தான் சொன்னார். வியாழக்கிழமை மனைவிகள் கூட்டம் இருக்கிறது, வாருங்கள் என்றார். மூன்று வியாழன் போனேன். அடி வாங்கிய கதை, தாலி விற்ற கதை எல்லாம் கேட்டேன். என் முறை வந்தபோது என் வீட்டுக்காரர் அடிக்க மாட்டாருங்க என்றேன். ஒரு அம்மா பெருமூச்சு விட்டு, “குடுத்து வெச்சவ” என்றாள். நான்காவது வியாழன் ஆலோசகர், ஆளை அனுப்பவா, நாங்களே வந்து பேசுகிறோம் என்றார். அதோடு போகவில்லை. ஆளை அனுப்பவா என்றாரே. அனுப்பிவிட்டார். ஆள் உள்ளே டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 

“அக்கா, உங்களுக்கு வாந்தி நின்னுடுச்சா?” பக்கத்தில் இருபத்தாறாம் டோக்கன், சின்னப் பெண், ஏழாம் மாதம் இருக்கும், மடியில் நெல்லிக்காய்ப் பொட்டலம். இன்னும் இருக்கு கண்ணு என்றேன், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு. கிராம்பு மேல் கிராம்பு போட்டு நாக்கு மரத்துவிட்டது. இவள் மூக்குக்கு எட்டியிருக்குமா. மாசமாக இருப்பவளுக்கு மூக்கு நாய் மூக்கு. இன்று காலையை நினைக்கக் கூடாது. இன்று காலை முடிந்துவிட்டது. “என்ற வீட்டுக்காரரு குடிச்சுட்டு வந்தா எனக்குக் கொமட்டுது, திட்டி வெளியவே படுக்க வெச்சுர்றேன்” என்று சிரித்தாள். நெல்லிக்காய் நீட்டினாள். வாங்கக் கை நீட்ட வேண்டுமே. வேண்டாம், பல் கூசும் என்றேன். பல்வலி எங்கெல்லாம் கை கொடுக்கிறது. உள்ளே போனதும் எழுதுகிற தாளை எனக்குத் தெரியும். போன தடவை பதிய வந்தபோது பார்த்தேன். சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, வலிப்பு இருக்கா என்று நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்கள். மது, புகையிலை என்கிற கட்டத்தில் மட்டும் நான் உட்காரும் முன்பே ‘இல்லை’ இருந்தது. எனக்கு மட்டும் இல்லை, அடியில் இருந்த தாள்களிலும் இருந்தது. காலையில் வந்ததும் எல்லாத் தாளிலும் அந்தக் கட்டத்தை மொத்தமாக எழுதி வைத்துவிடுவார்கள் போல. முப்பது பொம்பளைகளைப் பார்த்து அதைக் கேட்டால் முப்பது சண்டை வரும், எதற்கு வம்பு. செக்கிங்கிலும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை லோடு ஏறும்போது பிரித்துப் பார்க்காமலே பாஸ் முத்திரை குத்துவோம். குத்தியது நானும்தான். சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன். சொன்னால் என்ன செய்வார்கள், குழந்தையைக் கலைக்கச் சொல்வார்களா, அவரைக் கூப்பிட்டுச் சொல்வார்களா, அத்தைக்குத் தெரியுமா, தெருவுக்குத் தெரியுமா, பொம்பளையா நீ என்பார்களா. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வளவு கேள்வி இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் கேட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. இருபத்தாறு எழுந்து போகிறாள். நெல்லிக்காய்ப் பொட்டலத்தை என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போகிறாள், நம்பிக்கையான முகம் போல என்னுடையது.

“இருபத்தேழு. மேகலா. வீட்டுக்காரரையும் வரச் சொல்லு.” சொல்லவே வேண்டியதில்லை, அவர் ஃபைலோடு வந்து நின்றுவிட்டார், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி. நான் நின்றபடியே சொல்லத் திட்டமிட்டிருந்தேன், நர்ஸம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது. அவர்கள் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார்கள். “நீங்கதான பூபதி? உங்க பேரு ஜில்லா ஆஸ்பத்திரி லிஸ்டுல வந்திருக்குதுங்க.” அவர் குனிந்து தாளைப் பார்த்தார். “இந்தப் புள்ள ஒத்தையில அங்க போயி மூணு வாரம் அழுதுட்டு வந்திருக்குது. காலங்காத்தால குடிக்கறீங்களாம், கை நடுங்குதாம், பெட்ஷீட்டுக்குள்ள ஒளிச்சு வெக்கறீங்களாம். ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்ச பொண்ணு. மாசமா இருக்கறவள வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமாங்க?”  இதோ, இப்போது இந்த மனிதர் நானா என்று கேட்பார். கேட்க வேண்டும். நியாயம் அதுதான். டீயில் சர்க்கரை கம்மியாகப் போடுகிறவர், மாலை போடுகிறவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், இந்தப் பேச்சு வெளியே போனால் நாளைக்கு வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.  அப்புறம் நர்ஸம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். “விட்டுர்றேனுங்க.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது நன்றியில்லை, கோபம். எத்தனை நாளாகத் தெரியும். கட்டுக்குள் நான் போட்டு வைத்த காலிப் பாட்டில்கள் எண்ணியதைவிடக் குறைவாக இருக்கும்போதெல்லாம் குடியில் என் கணக்குத்தான் குழம்புகிறது என்று நினைத்தேனே, அது இவர் கையா. எடுத்துக்கொண்டு போய் எங்கே போட்டார், வேன் சீட்டுக்கு அடியில் வைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோனாரா. ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டால் ஆமாம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறார். குழந்தை வந்தால் நானாக விட்டுவிடுவேன் என்று காத்திருந்திருக்கிறார், அதற்குத்தான் சமையலறையில் அந்த அழுகை. நர்ஸம்மா, “வாய்ல சொன்னாப் போதாது, வியாழக்கெழம போயி அட்மிட் ஆகுங்க” என்றார்கள். ஆகிறேன் என்று தலையாட்டினார். ஆகிவிடுவார், இந்த மனிதர் போய் ஒரு குற்றமும் இல்லாமல் அந்த லுங்கிக்காரர்களுக்கு நடுவில் பத்து நாள் படுத்துவிட்டு வருவார், என்னைக் காட்டிக்கொடுக்காமல். என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்கள். “ஏன் கண்ணு இப்படி நடுங்கற, பயப்படாத, நான்தான் கண்டிச்சுட்டேன்ல.” பட்டை இறுகிற்று. காற்று இறங்கிற்று. இரும்பு மாத்திரை, அடுத்த வாரம் ஸ்கேன், போயிட்டு வா. எழுந்துவிட்டேன். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் என் பக்கம், எதுவும் வெளியே வராது, வீட்டுக்குப் போகலாம், கட்டு பீரோ மேல் இருக்கிறது. பதினோராவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறது.

“அவரு இல்லீங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். “அவரு குடிக்க மாட்டாருங்க. குடிக்கறது நானுங்க.” நர்ஸம்மா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள், இவள் சொல்வது நிஜமா என்று கேட்கிற மாதிரி. அவர் தலை குனிந்துவிட்டது. அதுதான் அவர்களுக்குச் சாட்சி. அவர்கள் பேனாவை வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டவில்லை. “இத்தன வருசத்துல ஒருத்தியும் எங்கிட்ட இதச் சொன்னதில்லையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார்கள். உள்ளே டவர் இல்லை. கதவருகே போய் நின்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் இருபத்தெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை உட்கார்ந்திருக்கிறார்கள். “சார், செல்வநாயகி பேசறேன். மறுவாழ்வு கேஸ் ஒண்ணு. இல்ல சார், வீட்டுக்காரர் இல்ல. பொண்ணு. ஆமா, பொண்ணுதான் குடிக்குது. இல்ல சார், புருஷனுக்கு இல்ல, அந்தப் பொண்ணுக்கு. மாசமா இருக்குது. நான் சரியாத்தான் சொல்றேன் சார்.” ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் ஏறிற்று. வெளியே பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. பூபதி கதவைச் சாத்தப் போனார். நர்ஸம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள், சாத்தினால் லைன் போய்விடும். அவமானம் இப்படித்தான் வரும் என்று எத்தனையோ விதமாகப் பயந்திருக்கிறேன், டவர் இல்லாததால் வரும் என்று நினைத்ததில்லை.

நர்ஸம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்கள். “பொம்பளைங்களுக்கு அங்க எடமில்லையாம். பிரசவ வார்டுல ஒரு பெட் கேட்டுத் தரேங்கறாரு டாக்டர். கடைசியா எப்பக் குடிச்சேன்னு கேக்கறாரு.”

எனக்கு முன்னால் பூபதி சொன்னார். “ஒரு மாசம் இருக்குமுங்க. அந்த ரெண்டு கோடு பாத்த அன்னைக்கே எல்லாத்தையும் கொட்டிருச்சுங்க. நான் பாத்தேனுங்க.” குரலில் ஒரு பெருமை இருந்தது. காலிப் பாட்டில் கிடைக்காத இந்த ஒரு மாதத்தை அவர் அப்படித்தான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார், நான் ஆஸ்பத்திரியில் அழுததும் பழைய குடிக்காக என்றே நினைத்திருக்கிறார். நான் இப்போதெல்லாம் முழுப் பாட்டிலைக் கட்டின் அடி மடிப்புக்குள் செருகிவிட்டு, காலியைக் கம்பெனிக்கே கொண்டுபோய் மாராயக்காவிடம் கொடுத்துவிடுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், டாக்டர் நம்புவார், இவர் நம்புவார், வெளியே எட்டுப் பேர் நம்புவார்கள். மருந்து மட்டும் தப்பாக எழுதுவார்கள்.

“இன்னைக்குக் காலையிலங்க” என்றேன். “அஞ்சரை மணிக்கு. அவரு பால் வாங்கப் போயிருந்தப்ப.”

நர்ஸம்மா போனில் அதை அப்படியே சொன்னார்கள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள், இவர்கள் சரி சார், சரி சார், இப்பவே அனுப்பறேன் என்றார்கள். பூபதி சுவரில் கை ஊன்றி நின்றார். பிறகு வெளியே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். வாசலில் கிடந்த அத்தனை செருப்புக்கு நடுவில் தேடி என்னுடையதை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, என் காலடியில் ஜோடியாக வைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.